நாற்பத்தாறும் நாற்பத்தாறும்

‘நம்பிக்கை’ என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகின்றோம். ஒன்று உறுதியாக நிகழும் என்று கொள்ளும் மனநிலையையே அச்சொல் இன்று குறிக்கின்றது. ஆயின், அதன் பகுதியாகிய ‘நம்பு’ என்பது பண்டைத் தமிழில் வேறு பொருளுடையதாயிருந்தது. தொல்காப்பிய உரியியல் அவ்வுரிச்சொல்லுக்கு நசை என்று பொருள் கூறும். நசையாவது விருப்பம். ஒன்றை மிக விரும்புவோன் அது நிகழ்ந்தே தீரும் என்று கருதத் தலைப்படுவது உலகியல்பு. அவ்வியல்பே இச்சொல்லின் பொருளையும் விருப்பத்திலிருந்து உறுதிக்கு மெல்ல மெல்ல நகர்த்தியது போலும். பொருள் நகர்ந்தாலும் பழைய பொருள் முற்றாக அழிந்துவிடவில்லை. அதனைக் காண விரும்புவோர் ஏடுகளைப் புரட்டவேண்டியதில்லை. விளையாட்டுக் களத்தின் வேலியோரத்திலே சிறிது நேரம் நின்றாற் போதும்.

இம்மலருக்குக் கட்டுரை வேண்டி எம்மிடம் வந்த பழைய மாணவர் இருவர், வந்த கருமம் முடிந்தபின் உதைபந்தாட்டத்தைப் பற்றிப் பேசலாயினர். எமது கல்லூரியின் முதற் பதினொருவருள் ஒருவன் சென்ற ஆண்டு முழங்காலில் ஊறுபட்டு, ஒரு பருவம் முழுவதும் ஆடாதிருந்தான். இவ்வாண்டு அவன் மீண்டும் களமிறங்குகின்றான். “இனி என்ன, கிண்ணம் எங்களுக்குத்தான்” என்றார் ஒருவர். “இரண்டு வருஷத்துக்கு முந்தி அவன் அடிச்ச கோல் ஞாபகமிருக்கோ, மாஸ்ரர்?” என்றார் மற்றவர். ஞாபகம் இருந்தது. அம்மாணவன் எமது வகுப்பிலே மூன்றாம் வாங்கில் இருப்பவன். மாடிப்படி ஏறுகையில் அவன் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறுவதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். அதனை நாம் அவர்களுக்குக் கூறவில்லை. எழுதுவதாக ஒப்புக்கொண்டிருந்த இலக்கணக் கட்டுரையை ஒருபுறம் வைத்துவிட்டு இதனை எழுதலானோம்.

ஊறுபட்டு மீளும் வீரன் ஒருவன்மேல் அவன் கல்லூரியின் அபிமானிகள் வைக்கும் நம்பிக்கை எத்தகையது, அதில் எப்பகுதி உறுதி, எப்பகுதி நசை என்பதே நாம் ஆராயப் புகுந்த பொருள். இதற்கு எமதூர் உதாரணம் ஏற்றதன்று. அருகில் இருப்பதைத் தெளிவாகக் காண்பது அரிது. கல்லூரி விளையாட்டின்மேல் பழைய மாணவர் கொண்ட பற்று நாட்டு வழக்கமாகவே பெருகிவிட்ட இடம் ஐக்கிய அமெரிக்கா. அங்கே தென் கரோலைனா மாநிலத்தில் வதியும் எமது பழைய மாணவர் ஒருவர், விடுமுறைக்கு வந்தபோது ஜஸ்ரின் றொஸ் என்னும் வீரரின் கதையை எமக்குச் சொன்னார். பின்னர் அவருடைய ஆட்டப் பதிவுகளையும் எண்களையும் நாமே தேடிப் பார்த்தோம். அக்கதையையே இங்கு எடுத்துக்கொள்கின்றோம்.

றொஸ் பயின்ற கிளெம்சன் சர்வகலாசாலை 1889 இல் தாபிக்கப்பட்டது. அது இருக்கும் கிளெம்சன் ஒரு சிற்றூர். 2020 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அங்கு வாழ்வோர் 17,000 பேருக்குச் சற்று மேற்பட்டோரே. ஆனால், 1942 இல் திறக்கப்பட்ட அதன் விளையாட்டரங்கில் இன்று 81,000 பேருக்கு மேல் அமரலாம். ஊரார் அனைவரும் வந்தாலும் அரங்கின் காற்பங்கும் நிரம்பாது. எஞ்சிய இடத்தை நிரப்புவோர் யாவர்? பழைய மாணவரும், அவர்தம் மனைவி மக்களும், அம்மாநிலத்து அயலூராருமே. செம்மஞ்சள் நிற ஆடையுடுத்து நெடுந்தூரம் கார் ஓட்டி வருவர். அரங்கின் கிழக்கெல்லையில் ஒரு புற்றரைச் சரிவு உண்டு. அதன் உச்சியில் ஒரு கல். கலிபோர்ணியாவிலுள்ள சாவுப் பள்ளத்தாக்கிலிருந்து கொணரப்பெற்ற அக்கல் 1966 ஆம் ஆண்டில் அங்கு வைக்கப்பட்டது. ஆட்டம் தொடங்குமுன் வீரர் ஒவ்வொருவரும் அதனைத் தொட்டுவிட்டுச் சரிவிறங்கி ஓடிவருவர். கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுவது எமக்கே உரிய வழக்கம் என்று எண்ணியிருந்த நாம் இதனைக் கேட்டுச் சிறிது நகைத்தோம். பின் அந்நகைப்பு நீங்கிவிட்டது.

அவ்வாட்டத்தைப் பற்றி ஒரு சிறிது கூறல் வேண்டும். அமெரிக்க உதைபந்தாட்டம் என்று பெயர் பெற்றிருப்பினும் அதில் உதைப்பது சிறுபான்மை. பெரும்பான்மையும் கையாலேயே ஆடுவர். றக்பி அறிந்தோர்க்கு எளிதில் விளங்கும். பக்கத்துக்குப் பதினொருவர். இறுதிக்கோட்டிலிருந்து இறுதிக்கோடு வரை களம் 100 யார். பந்தையுடைய அணி நான்கு முயற்சிக்குள் பத்து யாராவது முன்னேறுதல் வேண்டும். முன்னேறாவிடிற் பந்து மாற்றார் வசமாகும். இறுதிக்கோட்டைப் பந்தோடு கடந்தால் ஆறு புள்ளி. றக்பியிற் பந்தை முன்னோக்கி எறிதல் குற்றம். இவ்வாட்டத்திலோ 1906 ஆம் ஆண்டு தொடக்கம் முன்னெறிதலுக்கு இடந்தரப்பட்டது. அவ்விதி மாற்றமே காலப்போக்கில் இருவகை வீரரைத் தோற்றுவித்தது. ஒருவன் எறிவோன், மற்றவன் ஏற்போன். றொஸ் ஏற்போன்.

ஏற்போனின் தொழில் பந்தைப் பிடிப்பது மாத்திரமன்று. துடுப்பாட்டத்தில் எல்லையோரம் நிற்போன் உயரே எழுந்த பந்தைக் கண்டு ஓடிப் பிடிக்கின்றான். அவனைத் தள்ளுவார் எவருமிலர். ஏற்போனோ பந்து எறியப்படுமுன்னரே ஓடத் தொடங்குகின்றான். எத்தனை யார் ஓடி, எப்பக்கம் திரும்புதல் வேண்டும் என்பது முன்னரே வகுக்கப்பட்டிருக்கும். அவன் திரும்பப்போகும் இடத்துக்கு, அவன் திரும்புமுன்னரே, எறிவோன் பந்தை விடுகின்றான். இருவர் கணக்கும் ஒத்தாலன்றிப் பந்து கைக்கெட்டாது. எட்டும் வேளையில் அவன் கண் பந்தின்மேல் இருக்கும். உடல் நிலத்தை விட்டு எழுந்திருக்கும். அவனை வீழ்த்த வருவோன் எத்திசையிலிருந்து வருகின்றான் என்பதை அவன் காணான். இந்நிலையிலுள்ளோனின் தலையிலோ கழுத்திலோ வேண்டுமென்று மோதுவோனைக் கல்லூரி ஆட்டங்களில் 2013 முதல் களத்திலிருந்தே நீக்கிவிடுகின்றனர். விதி எழுதவேண்டி வந்ததென்றால் மோதல் எத்தகையதென்பது சொல்லாமலே விளங்கும்.

தமிழாசிரியராகிய எமக்கு ‘ஏற்றல்’ என்னும் சொல்லிலே சிறிது நேரம் தங்கிச் செல்ல விருப்பம். இரவலன் ஈந்ததை ஏற்கின்றான். மறவன் போரை ஏற்கின்றான். ஒரே சொல் பணிவுக்கும் மறத்துக்கும் பொதுவாய் நிற்கின்றது. இவ்வீரனுக்கு இரண்டும் பொருந்தும். மாற்றாரை எதிரேற்பவனும் அவனே. தன் அணியினன் கொடுத்தாலன்றி எதனையும் பெறமாட்டாதவனும் அவனே. இலக்கணத்திற் கொடையை ஏற்கும் பொருளுக்கு உரியது நான்காம் வேற்றுமை. ‘இரவலனுக்குப் பொன் கொடுத்தான்’ என்னும் வாக்கியத்தில் எழுவாயாய் நிற்பவன் கொடுப்போன், இரவலன் எழுவாயல்லன். அபிமானிகளோ ஏற்போனையே எழுவாயாக்கிப் பேசுவர். ‘அவன் ஆயிரம் யார் ஓடினான்’ என்பர். எறிந்தவனும், எறிந்தவனை மாற்றார் நெருங்காவண்ணம் முன்னின்று காத்த ஐவரும் அவ்வாக்கியத்தில் இருந்த இடந்தெரியாமற் போய்விடுவர். இலக்கணப் பிழையன்று, ஆயினும், பின்வரும் பிழைகளுக்கெல்லாம் இதுவே வித்து.

றொஸ் அலபாமா மாநிலத்துப் பீனிக்ஸ் சிற்றி என்னும் ஊரினர். ஆறடி நான்கங்குல உயரம். தம் மாநிலத்து அணிகளை விட்டு, 2018 பெப்ரவரியில் அவர் கிளெம்சனைத் தெரிந்துகொண்டார். அங்கு பயிற்றுநர் டாபோ சுவினி. அவரும் மாணவப் பருவத்தில் அலபாமா சர்வகலாசாலைக்கு ஏற்போனாய் ஆடியவரே. அதே ஆண்டில் றெவர் லோறன்ஸ் என்னும் எறிவோனும் முதலாண்டு மாணவராய் அவ்வணியிற் சேர்ந்தார். அப்பருவத்தில் அணி 15 ஆட்டம் ஆடிப் பதினைந்தையும் வென்றது. றொஸ் ஏற்ற பந்துகள் 46. அவற்றால் அணி முன்னேறிய தூரம் சரியாக 1,000 யார். இறுதிக்கோட்டை ஒன்பது முறை கடந்தார்.

ஆயிரம் என்பது நினைவில் நிற்கும் எண். அதனைச் சற்றுப் பிரித்துப் பார்த்தல் வேண்டும். 2018 டிசெம்பர் 29 இல் அரையிறுதியாட்டம். நொற்ரடேம் அணியைக் கிளெம்சன் 30-3 என்று வென்றது. அன்று றொஸ் ஏற்றவை 6. தூரம் 148 யார். ஒன்பது நாள் கழித்து, 2019 சனவரி 7 இல், கலிபோர்ணியாவின் சன்ரா கிளாறா நகரில் இறுதியாட்டம். எதிரணி வேறெதுவுமன்று, றொஸ் பிறந்த மாநிலத்தின் அணியாகிய அலபாமாவே. அதுவும் அதுவரை தோல்வி காணாத அணி. மூன்றாவது காற்பகுதியில் லோறன்ஸ் எறிந்த ஒரு பந்தை ஏற்று 74 யார் கடந்து இறுதிக்கோட்டை எட்டினார் றொஸ். சிறிது பொழுதில் இன்னொன்றை ஒற்றைக் கையாற் பற்றினார். ஆட்டம் 44-16 என்று முடிந்தது. அன்று அவர் ஏற்றவை 6. தூரம் 153 யார்.

இவ்விரு நாளின் தூரத்தையும் கூட்டினால் 301 யார். பதினைந்து ஆட்டத்தில் ஈட்டிய ஆயிரத்தில் முந்நூற்றொன்று, நாடெங்கும் கண் கொட்டாமல் நோக்கிய இரண்டே ஆட்டங்களில் வந்தது. மற்றைப் பதின்மூன்று ஆட்டத்திலும் வந்தது 699. அதுவும் சிறந்ததே. ஆயினும், அபிமானி நெஞ்சிற் பதிந்த றொஸ் அப்பதின்மூன்று ஆட்டத்து றொஸ் அல்லர்; இரண்டு நாள் றொஸ். ஞாபகம் சராசரி காணாது. உச்சியையே தன்பால் வைத்துக்கொள்ளும். எம்மை வந்து கண்ட பழைய மாணவர் நினைவுகூர்ந்ததும் ஒரு கோலையே யன்றி ஒரு பருவத்தையன்று.

அடுத்த பருவமாகிய 2019 இல் அவர் 66 பந்து ஏற்று 865 யார் ஈட்டி, எட்டு முறை கோடு கடந்தார். ஏற்றவை கூடின, பந்தொன்றுக்குரிய தூரம் ஏறக்குறைய 22 யாரிலிருந்து 13 யாராகக் குறைந்தது. ஊறு எதுவும் வெளிப்படாத காலத்திலேயே இது நிகழ்ந்தது. பின்னர் அவருடைய மீட்சியை அளந்தோர் இப்பருவத்தை அளவுகோலாகக் கொண்டிருந்தால் நேர்மையாயிருந்திருக்கும். எவரும் கொள்வதில்லை. நடுவில் உள்ள ஆண்டு எப்போதும் மறக்கப்படும் ஆண்டு.

2020 ஆம் ஆண்டு வேனிற்காலப் பயிற்சியின்போது ஒரு மோதலின் பின்னர் வைத்தியர் அவரைப் பரிசோதித்தனர். அப்பொழுதுதான், அவர் கழுத்திலுள்ள முள்ளென்புகளிற் சில பிறவியிலேயே ஒன்றோடொன்று இணைந்திருந்தமை தெரியவந்தது. கிளிப்பெல், பெயில் என்னும் பிரெஞ்சு வைத்தியர் இருவர் 1912 இல் விவரித்தமையால் அவர்கள் பெயராலேயே வழங்கும் குறைபாடு இது. மனிதர் கழுத்தில் முள்ளென்பு ஏழு. அவை தனித்தனி அசைவதனாலேயே ஓர் அதிர்ச்சி பகிர்ந்து தாங்கப்படுகின்றது. இரண்டு இணைந்துவிட்டால் அவை தாங்கவேண்டிய பங்கு அயலிலுள்ள மூட்டுக்குச் செல்லும். அவற்றினூடே செல்வது முண்ணாண். அதற்கு ஊறு நேரின் கை கால் அசைவே போய்விடலாம். றொஸின் கழுத்தில் ஓர் இடைத்தட்டும் பிதுங்கியிருந்தது. 2020 யூன் மாதத்தில் சத்திரசிகிச்சை நடைபெற்றது. அப்பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. மீண்டும் ஆடலாமா என்பதே ஐயமாயிருந்தது.

இணைந்த என்புகளோடேயே அவர் அதுவரை ஆடிவந்தார் என்பதை இங்கு நினைத்தல் வேண்டும். சன்ரா கிளாறாவில் 74 யார் ஓடியதும் அதே கழுத்தோடுதான். அபிமானிகள் ஆரவாரித்த அந்நாளிலும் அபாயம் அங்கேயே இருந்தது. அறியாமை ஒருவகைக் காப்பு. அறிந்தபின் களத்தில் இறங்குவது முன்னையது போன்றதன்று.

2021 ஆம் ஆண்டுப் பருவத்துக்கு முன்னர் வைத்தியர் அனுமதி கிடைத்தது. கிளெம்சன் அபிமானிகளின் நம்பிக்கை பெருகியது. அந்நம்பிக்கையை உரித்துப் பார்த்தால் உள்ளே மூன்று தோல் உண்டு என்பது எமது கருத்து. மேலே தெரிவது, இவர் ஊறின்றி ஆடவேண்டும் என்பது. இதனை எவரும் வாயாற் கூறுவர், மனத்தாலும் வேண்டுவர். அதனுள்ளே இருப்பது, இவர் பழைய றொஸாகவே ஆடவேண்டும் என்பது. இன்னும் உள்ளே, மிக ஆழத்தில் இருப்பது, இவரால் எமது அணி மீண்டும் வாகை சூடவேண்டும் என்பது. முதலாவது அவரைப் பற்றியது. மூன்றாவது எம்மைப் பற்றியது. இரண்டாவது இவ்விரண்டையும் ஒட்டவைக்கும் பசை.

இங்கு மீண்டும் இலக்கணம் உதவுகின்றது. ‘மீள்’ என்பது தன்வினை. ‘மீட்டு’ என்பது அதன் பிறவினை. மீண்டான் என்றால் தானே திரும்பிவந்தான். மீட்டான் என்றால் பிறரை, அல்லது பிறர் இழந்ததை, கொண்டுவந்தான். வீரன் செய்ய இயன்றது மீளல். வேலியோரத்தில் நிற்போர் அவன்பால் வேண்டுவது மீட்டல். இரண்டையும் ஒரே சொல்லாற் பேசுவதனாலே, மீண்டவன் மீட்கவில்லையெனில் மீளவே இல்லை என்று தீர்ப்பளித்துவிடுகின்றனர்.

மீட்கவேண்டுவதும் அப்பொழுது இருந்தது. 2015 முதல் 2020 வரை தொடர்ந்து ஆறு ஆண்டு தம் பிரிவில் முதலிடம் பெற்ற அணி, 2021 சனவரி 1 இல் ஒகாயோ மாநில சர்வகலாசாலை அணியிடம் 49-28 என்று அரையிறுதியில் தோற்றிருந்தது. நோய்த்தொற்றுக் காரணமாக 2020 பருவத்தில் அவ்வரங்கில் ஏறக்குறைய 19,000 பேருக்கே இடமளிக்கப்பட்டது. ஆகவே, நீங்கியிருந்தவர் றொஸ் மாத்திரமல்லர். அரங்கை நிரப்புவோரும் ஓராண்டு நீங்கியிருந்தனர். தாமும் மீள்கின்ற வேளையில் தம்மோடு மீள்வோன்மேல் அவர்கள் வைத்த நசைக்கு அளவில்லாதிருந்தது இயல்பே. இதற்காக அவர்களைக் குறை கூற எமக்கு மனம் வரவில்லை.

எறிவோனைப் பற்றியும் நம்பிக்கை இருந்தது. லோறன்ஸ் தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விட்டார். 2021 ஆம் ஆண்டுத் தெரிவில் நாட்டிலேயே முதலாவதாக எடுக்கப்பட்டவர் அவர். அவரிடத்துக்கு வந்தவர் யுயாங்கலலேய் என்னும் இளைஞர். முந்திய ஆண்டில், லோறன்ஸ் நோயுற்றிருந்த வேளை, நொற்ரடேம் அணிக்கெதிராக 439 யார் தூரம் எறிந்தவர். அவ்வோர் ஆட்டத்தைக் கண்டோர் இவரும் ஒரு லோறன்ஸ் என்றே கொண்டனர். இங்கும் ஒரு நாள் ஒரு மனிதனின் அளவாயிற்று. பருவம் தொடங்குமுன் வெளியான பத்திரிகையாளர் வரிசையில் கிளெம்சனுக்கு நாட்டில் மூன்றாவது இடம்.

2021 செப்ரெம்பர் 4 இல் சார்லற் நகரில் ஜோர்ஜியா அணியோடு முதலாட்டம். கழுத்துச் சிகிச்சை முடிந்து பதினைந்து மாதத்தின் பின் றொஸ் களமிறங்கினார். பந்து ஏற்றார். வீழ்த்தப்பட்டார். எழுந்தார். எமது சிற்றறிவுக்கு எட்டியவரை, மீட்சி அக்கணத்திலேயே நிறைவெய்திவிட்டது. ஆனால், அன்றைய ஆட்டத்தைப் பார்த்தோர் கண்டது அதுவன்று. கிளெம்சன் 10-3 என்று தோற்றது. எறிவோன் பந்தை விடுமுன்னரே மாற்றார் அவரை ஏழு முறை வீழ்த்தினர். பந்தைத் தாங்கி ஓடி அவ்வணி ஈட்டிய மொத்தத் தூரம் இரண்டே யார். அவ்வாட்டத்தில் ஒரே ஒரு முறைதான் இறுதிக்கோடு கடக்கப்பட்டது; கிளெம்சன் எறிந்த பந்தை ஜோர்ஜியா வீரர் இடைமறித்து 74 யார் ஓடிக் கடந்தார். அதே எழுபத்துநான்கு. எண்களுக்கு இரக்கம் இல்லை. அந்த ஜோர்ஜியா அணியே அப்பருவத்தின் முடிவில் நாட்டின் வாகை சூடியது என்பதையும் கூறிவிடல் வேண்டும். தோற்றது எளியாரிடத்தில் அன்று.

பின்னர் பருவம் ஒருவாறு நடந்தது. மூன்று தோல்வி, பத்து வெற்றி. முந்திய மூன்று பருவத்திலும் ஆட்டமொன்றுக்குச் சராசரி நாற்பதுக்கு மேற் புள்ளி பெற்ற அணி, இப்பருவத்தில் இருபத்தாறளவே பெற்றது. 2019 இல் லோறன்ஸின் எறிகளால் 36 முறை இறுதிக்கோடு கடக்கப்பட்டது. மாற்றார் இடைமறித்தவை 8. 2021 இல் யுயாங்கலலேயின் எறிகளால் கடக்கப்பட்டது 9 முறை, இடைமறிக்கப்பட்டவை 10. அவரைப் பழித்தல் எமது நோக்கமன்று. முன்னின்று காப்போர் காவாவிடின் எவ்வெறிவோனும் இடர்ப்படுவான். லோறன்ஸ் காலத்தில் றொஸுக்கு மறுபக்கத்தில் ரீ கிகின்ஸ் என்னும் சிறந்த ஏற்போன் இருந்தார். மாற்றார் இருவரையும் காக்கவேண்டியிருந்தது. 2021 இல் அவரும் அங்கில்லை. கொடுப்போர் வறியராயின பருவத்தில் ஏற்போன் ஒருவன் மாத்திரம் செல்வனாதல் யாங்ஙனம்?

றொஸ் அப்பருவத்தில் ஏற்ற பந்துகள் எத்தனை? நாற்பத்தாறு.

2018 இலும் நாற்பத்தாறு. 2021 இலும் நாற்பத்தாறு. இவ்வொற்றுமையை எமது பழைய மாணவர் சொன்னபோது நாம் நம்பவில்லை. அட்டவணையைப் பார்த்தே நம்பினோம். தூரம் மட்டும் வேறு. முன்னையது 1,000 யார், பின்னையது 514. கோடு கடந்தது முன்பு ஒன்பது முறை, இப்பொழுது மூன்று. இவ்வெண்களை மாத்திரம் காண்போர், மனிதர் பாதியாய்விட்டார் என்றே கொள்வர். ஆனால், முன்னைய நாற்பத்தாறு 15 ஆட்டத்தில் வந்தது. பின்னைய நாற்பத்தாறு 10 ஆட்டத்தில் வந்தது. ஆட்டமொன்றுக்கு முன்பு மூன்று. இப்பொழுது நாலரைக்கு மேல். அவர் இறங்கிய ஒவ்வோர் ஆட்டத்திலும் முன்னரிலும் அதிகமாகவே பந்தை ஏற்றிருக்கின்றார். ஏற்ற ஒவ்வொரு முறையும் முன்னரிலும் கிட்டிய தூரத்திலே வீழ்த்தப்பட்டிருக்கின்றார். ஏறக்குறைய 22 யார் ஓடிய பந்து இப்பொழுது 11 யாருடன் நின்றது. நெடுந்தூர எறிக்குப் பொழுது வேண்டும். அப்பொழுதை ஈட்டித் தருவது முன்னின்று காப்போர் கடன். ஏற்போன் காலில் வேகம் இருந்ததோ இல்லையோ, எறிவோன் கையிலிருந்து பந்து போகவேண்டிய பொழுதில் போகாவிடின் அவ்வேகம் எங்கே தெரியும்?

ஒன்றை நாம் மறைத்தலாகாது. அவர் உடலும் முழு நலத்தில் இருக்கவில்லை. கால் என்பில் அழுத்தத்தால் விளைந்த வெடிப்பு ஒன்று அவரை வருத்திக்கொண்டிருந்தது. அந்நோவைப் பொறுத்துக்கொண்டே ஆடிவந்தார்; நவம்பர் மாதத்தோடு அவர் பருவம் முடிந்தது. கழுத்துக்கு அஞ்சியிருந்தோர்க்குக் காலிலே வந்தது. ஆகவே, குறைவு முழுவதும் பிறரால் நேர்ந்தது என்று வாதிக்க நாம் துணியோம். எவ்வளவு கழுத்தால், எவ்வளவு காலால், எவ்வளவு கொடுப்போரால் என்று பிரித்துத் தரும் தராசு எவரிடமும் இல்லை. ஆனால், அபிமானி அத்தராசு தன் கையில் உள்ளதாகவே எண்ணுகின்றான்; அதன் ஒரு தட்டில் 2019 சனவரி 7 ஐயும் மறுதட்டில் வேறொரு நாளையும் வைக்கின்றான்.

அதன் பின் நடந்தவற்றைச் சுருங்கக் கூறுவோம். 2022 ஏப்ரிலில் நடைபெற்ற தொழில்முறைத் தெரிவில் 262 பேர் எடுக்கப்பட்டனர். அவர்களுள் றொஸ் இல்லை. ஊறுபடுமுன்னர் முதற் சுற்றிலேயே எடுக்கப்படுவார் என்று பலராற் கணிக்கப்பட்டவர். தெரிவுக்குப் புறம்பாகக் கான்சஸ் சிற்றி அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. 2022 பருவம் காற் சிகிச்சையில் கழிந்தது. 2023 பருவத்தில் அவ்வணிக்காகக் களமிறங்கி 6 பந்து ஏற்றார். தூரம் 53 யார்.

இக்கட்டுரைக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த வாரத்தில், உயர்தர வகுப்பிலே தன்வினை பிறவினை கற்பிக்க நேர்ந்தது. மீள், மீட்டு என்பவற்றுக்கு இக்கதையையே உதாரணமாகச் சொன்னோம். கரும்பலகையில் 46 – 1,000 என்றும், அதன் கீழே 46 – 514 என்றும் எழுதி, எவ்வாண்டு பெரிய ஆண்டு என்று கேட்டோம். வகுப்பு முழுவதும் ஒரே குரலில் முதலாவது என்றது. மூன்றாம் வாங்கில் இருப்பவன் மாத்திரம் வாய் திறவாமல் இருந்தான். சிறிது கழித்து, “ரண்டாவதிலை எத்தனை மட்ச், சேர்?” என்று கேட்டான். பத்து என்றோம். “முதலாவதிலை?” பதினைந்து என்றோம். கொப்பியின் பின்புறத்திற் பிரித்துப் பார்த்தான். பின் நிமிர்ந்து, “கழுத்து ஒப்பரேசனுக்குப் பிறகு அவர் எத்தனை தரம் விழுந்தவர், சேர்?” என்றான்.

அட்டவணையில் அதற்கு நிரல் இல்லை என்றோம்.